அழுவாச்சிப் படமும் ஆணியில தொங்குற ஸ்வெட்டரும்

எங்க அப்பா அழுது நான் பார்த்ததில்லை. இதை முதல்லயே சொல்லிடுறேன்.

நான் ஒன்பதாவது படிக்கும்போது ஆச்சி தவறிட்டாங்க. அப்பாவோட அம்மா. வீடு முழுக்க அழுகை. அப்பா மட்டும் வாசல்ல நின்னு பந்தல்காரருக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு, கேதம் கேட்க வர்றவங்களுக்குக் காப்பி போட பால் எத்தனை லிட்டர்னு கணக்குப் பார்த்துக்கிட்டிருந்தார். பெரியத்தை வந்து, "ஏ தம்பி, அழுதுருய்யா, நெஞ்சுக்குள்ள வச்சிருக்காத"ன்னு சொன்னாங்க. "எல்லாரும் அழுதா காரியத்தை யாருக்கா பாக்கது?"ன்னு கேட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிட்டார்.

அப்படிப்பட்ட மனுஷன் 2024 தீபாவளிக்கு மறுநாள் ராத்திரி, மணிமுத்தாறுல எங்க வீட்டு ஹால்ல உக்காந்து, ஒரு சினிமாவைப் பார்த்து அழுதார்.

படம் மெய்யழகன். நான்தான் லேப்டாப்பை டிவில மாட்டி நெட்ஃபிளிக்ஸ்ல போட்டேன். படம் ஆரம்பிச்சுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். 1996, தஞ்சாவூர். சொந்தக்காரங்களுக்குள்ள சொத்துத் தகராறு, பரம்பரை வீட்டை விட்டுட்டு ஒரு குடும்பம் மெட்ராஸ் கிளம்புது. கிளம்புற நேரத்துல அந்தப் பையன் வீட்டையும் ஊரையும் ஒரு பார்வை பார்ப்பான் பாருங்க... அங்கதான். அப்பா சட்டுனு எந்திரிச்சு வாசலுக்குப் போயிட்டார். கரண்டு பில்லு கட்டியாச்சான்னு கேட்கப் போறவர் மாதிரி சாதாரணமாத்தான் போனார். ரொம்ப நேரமா வரலையேன்னு நான் போய்ப் பார்த்தா, திண்ணையில உக்காந்து துண்டால மூஞ்சியைத் துடைச்சிக்கிட்டிருக்கார்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லல. மழைக்கு ஈசல் வருதுல்லா... கண்ணுல விழுந்துட்டு."

ஈசலாம்! நம்புவோம் :-)

அன்னைலேருந்து எனக்கு ஒரே குடைச்சல். பெத்த தாய் செத்தப்போ அழாதவர், யாருமே சாகாத ஒரு படத்துக்கு, அதுவும் ஆரம்பத்துலயே, ஏன் அழணும்?

பொட்டி தட்டுற ஆளுக்கு ஒரு வியாதி உண்டு. எங்கயாவது எதிர்பார்க்காத அவுட்புட் வந்தா, எந்த வரியில வந்துச்சுன்னு தேடாம தூக்கம் வராது. அப்படித் தேடுனதுதான் இந்தப் பதிவு. விமர்சனம் எதிர்பார்த்து வந்தவங்க இப்பவே கழண்டுக்கலாம்.

முதல்ல ஒரு சண்டை பாக்கி இருக்கு. ஆபீஸ்ல மதியச் சாப்பாட்டு நேரத்துல படம் பத்திப் பேச்சு வந்தா, "ஐயோ, அழுவாச்சிப் படமா? வேண்டாம்பா, வாரத்துல அஞ்சு நாள் ஸ்டேட்டஸ் மீட்டிங்லயே அழுறோம்"னு ஒரு கூட்டம் சொல்லும். அதைக்கூட மன்னிச்சிடலாம். இன்னொரு கூட்டம் இருக்கு. உலக சினிமா பார்க்கிறவங்க. அவங்க கணக்குல அழ வைக்கிறதே கீழான வேலை. வயலினை இழுத்து, மழையைப் பேய விட்டு, ஹீரோவுக்கு ரத்த வாந்தி வர வச்சா எந்த முட்டாளும் அழுவான், அதுல என்ன கலை இருக்குன்னு கேட்பாங்க.

சரிதான். அப்படிப்பட்ட படங்கள் நம்மகிட்ட லாரி லாரியா இருக்கு. ஆனா அதே கூட்டம் தலையில தூக்கி வச்சிருக்கிற பைசைக்கிள் தீவ்ஸ் (1948) படத்தோட கடைசி அஞ்சு நிமிஷம் என்னவாம்? வேலைக்குத் தேவையான சைக்கிள் திருட்டுப் போனதால, வேற வழியில்லாம தானே ஒரு சைக்கிளைத் திருடி மாட்டிக்கிற அப்பன். சுத்தி நின்னு ஊரே அடிக்குது. சின்னப் பையன் அழுதுக்கிட்டே பார்க்கிறான். டி சிகா அங்க நம்மளைச் சிரிக்கவா வைக்கிறார்? இத்தாலிக்காரன் அழ வச்சா கலை, பீம்சிங் அழ வச்சா மெலோடிராமா. நல்லா இருக்கு ஞாயம்.

எங்க அம்மா ஒரு கதை சொல்வாங்க. ஆச்சி துலாபாரம் பார்த்துட்டு வந்து ரெண்டு நாள் ஒழுங்கா சாப்பிடலையாம். 1969-ல வந்த படம். வின்சென்ட் டைரக்‌ஷன். அதுக்கு முந்தின வருஷம் மலையாளத்துல வந்ததைத் தமிழ்ல எடுத்தாங்க. தெலுங்கு, இந்தின்னு எல்லாத்துலயும் சாரதாவே நடிச்சாங்க. வறுமை தாங்காம பெத்த பிள்ளைகளுக்கு விஷம் கொடுத்துட்டுக் கோர்ட்ல நிக்கிற ஒருத்தியோட கதை. அம்மா சொல்றது என்னன்னா, ஆச்சி அந்தப் படத்தைப் பத்திப் பேசும்போதெல்லாம் சாரதாவைப் பத்திப் பேசவே மாட்டாங்களாம். தாத்தாவுக்கு வேலை இல்லாம இருந்த ஒரு வருஷத்தைப் பத்தித்தான் பேசுவாங்களாம். அந்த வருஷத்துல ஆச்சி ஒரு நாள்கூட அழலையாம். அழுதா பிள்ளைங்க பயந்துரும்னு.

அப்போ கொட்டகை இருட்டுல ஆச்சி அழுதது யாருக்காக?

இந்த இடத்துல என் தங்கச்சியை இழுக்கணும். டிஎன்பிஎஸ்சிக்குப் படிச்சிக்கிட்டிருக்கா. அப்பா கதையை அவகிட்ட சொன்னேன். "இதுல என்னண்ணே ஆச்சரியம், அழுகைக்கு நாலு காரணம்னு தொல்காப்பியத்துலயே இருக்குல்லா"ன்னு அசால்ட்டா சொல்லிட்டு நோட்டை நீட்டினா. நான் இன்ஜினியரிங் படிச்ச ஆளு. தமிழ் பன்னிரண்டாவதோட போச்சு. தொல்காப்பியம்னா இலக்கணம், அதுக்கும் அழுகைக்கும் என்ன சம்பந்தம்னு முழிச்சேன். விஷயம் என்னன்னா, பொருளதிகாரத்துல மெய்ப்பாட்டியல்னு ஒரு பகுதி இருக்கு. மனசுல இருக்கிறது உடம்புல எப்படித் தெரியும்னு எட்டு வகையா பிரிச்சு வச்சிருக்காங்க. சிரிப்பு, அழுகை, பயம், கோபம்னு போகும். ஒவ்வொண்ணுக்கும் நாலு நாலு காரணம்.

அழுகைக்கு என்னென்ன தெரியுமா? ஒண்ணு, இழவு. உயிரோ பொருளோ, இழந்துடுறது. ரெண்டு, இளிவு. அவமானப்படுறது, மத்தவங்க முன்னாடி சிறுமைப்படுறது. மூணு, வறுமை. நாலாவது, அசைவு. இது மட்டும் எனக்குப் புரியலை. ஆடுறதா, அசையுறதா? உரையில பார்த்தா, முன்னாடி இருந்த நிலைமை கெட்டு வேற மாதிரி ஆகி வருந்துறதாம். நேத்து ஒரு மாதிரி இருந்தோம், இன்னைக்கு வேற மாதிரி ஆயிட்டோம்ங்கிற வருத்தம்.

இதைப் படிச்சதும் நான் செஞ்ச முதல் வேலை, பார்த்த படங்களையெல்லாம் இந்த நாலு டப்பாவுல பிரிச்சுப் போட்டதுதான். (வேலை வெட்டி இல்லையான்னு கேட்காதீங்க. லீவு.)

இழவு டப்பா சுலபமா ரொம்பிடுச்சு. பாசமலர் (1961) ஒண்ணு போதும். சிவாஜியும் சாவித்திரியும் அண்ணன் தங்கச்சியா கடைசியில சேர்ந்தே செத்துப் போற அந்தக் காட்சியை அறுபது வருஷமா கிண்டல் பண்ணிப் பார்த்தாச்சு. மிமிக்ரி மேடைக்கு மேடை அதை ஓட்டியாச்சு. இன்னும் டிவில போட்டா எங்க வீட்டுல யாராவது ஒருத்தர் சேனலை மாத்தச் சொல்வாங்க. பிடிக்காம இல்ல, தாங்காம.

வறுமைக்குத் துலாபாரம். சொல்லியாச்சு.

இளிவுக்குப் பைசைக்கிள் தீவ்ஸ். ஆனா என்னைப் பொறுத்தவரைக்கும் அதைத் தாண்டின ஒண்ணு எங்க திருநெல்வேலிலயே இருக்கு. பரியேறும் பெருமாள் (2018). சட்டக் கல்லூரியில படிக்கிற பையனோட அப்பா, கூத்துல பெண் வேஷம் கட்டி ஆடுறவர். அந்த மனுஷனை வேட்டியை உருவி நடுரோட்டுல ஓட ஓட விரட்டுவாங்க. அதுல நடிச்ச தங்கராசு நிஜமாவே நாட்டுப்புறக் கலைஞர், 2023-ல காலமாயிட்டார். அந்தக் காட்சியில ரத்தம் இல்ல, சாவு இல்ல. அவர் ஓடுற ஓட்டம்தான் இருக்கு. எனக்குப் பின் சீட்டுல இருந்த ஒரு பெரியவர் "போதும்... போதும்யா..."ன்னு வாய்விட்டுச் சொன்னது இன்னும் காதுல கேக்குது. திரையில இருக்கிறவங்ககிட்டதான் சொன்னார். இல்ல வேற யார்கிட்டயோ.

இங்க ஒரு விஷயம் சொல்லணும். காரணம் நாலும் கையில இருந்தா மட்டும் யாரும் அழுதுட மாட்டாங்க. அப்படின்னா செய்தித்தாளை விரிச்சதும் தினமும் அழணும். நாலுமே அதுல இருக்கு. நாம என்ன பண்றோம்? காப்பியைக் குடிச்சுட்டு விளையாட்டுப் பக்கத்துக்குப் போறோம்.

என் தொழில் பாஷையில சொல்லணும்னா, டிக்ளேர் பண்ணாத வேரியபிளைக் கடைசி வரியில கூப்பிட்டா எரர்தான் வரும். படத்துக்கும் அதுவேதான். மூன்றாம் பிறை (1982) கடைசியில, கேத்தி ரயில் நிலையத்துல மழையில கமல் சட்டியைத் தலையில வச்சுக்கிட்டுக் குரங்கு மாதிரி குட்டிக்கரணம் போடுவாரே, அதை மட்டும் தனியா ஒருத்தருக்குப் போட்டுக் காட்டுங்க. "யாரு இந்தக் கிறுக்கன்?"னுதான் கேட்பார். ரயில்ல உக்காந்திருக்கிற ஸ்ரீதேவியும் அப்படித்தான் பார்க்கிறாங்க. முன்னாடி ரெண்டு மணி நேரம் அந்தச் சேட்டையையெல்லாம் பார்த்துச் சிரிச்ச நமக்குத்தான் அது என்னன்னு தெரியும். உலகத்துல அவருக்கும் நமக்கும் மட்டும்தான் தெரியும். அதனாலதான் அழுறோம். நாம அப்போ சிரிச்ச சிரிப்பைத்தான் பாலு மகேந்திரா கடைசியில வட்டியோட வசூல் பண்றார்.

வாழை (2024) அதே வேலையைத்தான் செய்யுது. தாமிரபரணியில எங்க மணிமுத்தாறு தண்ணியும் கலந்து ஓடுற ஓட்டத்துல, கீழ ஸ்ரீவைகுண்டம் பக்கம் நடக்கிற கதை. மாரி செல்வராஜோட சின்ன வயசு. பாதிப் படம் ரெண்டு பொடியனுங்க ரஜினி பெருசா கமல் பெருசான்னு சண்டை போடுறதும், டீச்சர் மேல ஒருத்தன் வச்சிருக்கிற பிரியமும்தான். லீவு நாள்ல வாழைத்தார் சுமக்கப் போக மாட்டேன்னு அவன் அழுறதைப் பார்த்துக்கூடச் சிரிச்சோம். கடைசியில, தார் ஏத்தின லாரி கவிழ்ந்து ஊரே மாரடிச்சு அழும்போது, அந்தப் பையன் பசி தாங்காம சோத்தை அள்ளித் திங்கிறான். நான் பார்த்தது நெல்லை ராம் தியேட்டர்ல. இடைவேளை வரைக்கும் விசில் அடிச்ச பயலுவ படம் முடிஞ்சு வெளிய வரும்போது ஒருத்தனும் ஒருத்தன் மூஞ்சியைப் பார்க்கல. பைக் ஸ்டாண்டுல அவ்வளவு அமைதியை நான் பார்த்ததில்லை.

வயலின் அழ வைக்கிறதுக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான்னு நினைக்கிறேன். ஒண்ணு "இப்போ அழு"ன்னு உத்தரவு போடுது. இன்னொண்ணு, நம்மளை முதல்ல அந்த வீட்டுக்குள்ள கூட்டிட்டுப் போய் உக்கார வச்சுச் சோறு போட்டுடுது. அப்புறம் அந்த வீட்டுல ஒண்ணு நடந்தா நாம அழாம என்ன பண்ணுவோம்?

சரி, அப்பா கேஸுக்கு வருவோம். நாலாவது டப்பா. அசைவு.

மெய்யழகன் முழுக்க முழுக்க அந்த டப்பா. 96 எடுத்த பிரேம்குமார் படம். வீட்டை விட்டுப் போன அரவிந்த்சாமி இருபது வருஷத்துக்கு மேல கழிச்சு ஒரு கல்யாணத்துக்காக ஊருக்கு வர்றார். "அத்தான் அத்தான்"னு ஒட்டிக்கிற கார்த்தி யாருன்னே அவருக்கு ஞாபகம் இல்ல. பேரு தெரியாமலே ஒரு ராத்திரி முழுக்கப் பேசிக்கிட்டிருக்கார். வில்லன் கிடையாது, சாவு கிடையாது. இவங்க போகும்போது விட்டுட்டுப் போன ஒரு பழைய சைக்கிள்தான் அவங்க குடும்பத்தைத் தூக்கி விட்டுச்சுன்னு கார்த்தி சொல்வார். படம் நீளம்னு சொல்லி, ரிலீஸ் ஆனதுக்கப்புறம் கொஞ்சம் வெட்டினாங்க. எனக்கு வெட்டினதுல உடன்பாடு இல்ல. ஊரை விட்டு வந்தவன் பேசுனா நீளமாத்தான் பேசுவான்.

எங்க அப்பா பொதுப்பணித்துறையில லஸ்கர். மணிமுத்தாறு அணை 1950-கள்ல காமராஜர் காலத்துல கட்டினது. அந்த அணைத் தண்ணியைத் திறக்க, மூட, கால்வாயைப் பார்க்கன்னு இருந்த ஆட்கள்ல ஒருத்தர். முப்பது வருஷம் அணை குவாட்டர்ஸ்தான் வீடு. நானும் தங்கச்சியும் பிறந்து வளர்ந்தது அங்கதான். 2019-ல ரிட்டையர் ஆனதும் காலி பண்ணிட்டு ஊருக்குள்ள சொந்தமா வீடு கட்டி வந்துட்டோம். ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. குவாட்டர்ஸ்னா காலி பண்ணித்தான் ஆகணும், யாரையும் குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. சொந்த வீடு கட்டினதுல அம்மாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பால் காய்ச்சுற அன்னைக்கு எல்லாரும் சிரிச்சிக்கிட்டுதான் இருந்தோம்.

அதனாலதான் எனக்குத் தோணவே இல்ல. அந்த குவாட்டர்ஸ் பின்னாடி அப்பா வச்ச நெல்லி மரம் ஒண்ணு உண்டு. இப்போ வேற யாரோ குடியிருக்காங்க. அணைப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த இடத்துல அப்பா பைக்கை ஸ்லோ பண்ணுவார். ரோடு மோசம்னு நினைச்சிருந்தேன்.

இதைக் கண்டுபிடிச்சதும் எனக்கு ஒரே பெருமை. கேஸ் குளோஸ்டு! மறுநாள் காலையில அப்பாகிட்டயே போய்ச் சொன்னேன். "நம்ம குவாட்டர்ஸை நினைச்சுதானப்பா அழுதீங்க?"

அப்பா ஒரு நிமிஷம் பார்த்தார். "அதுவும்தான்"னார். அப்புறம், "சட்டையை மாட்டிட்டு வா, ஒரு எடத்துக்குப் போவோம்"னு பைக்கை எடுத்தார்.

போனது, அப்பாவோட சிநேகிதர் ஒருத்தர் வீட்டுக்கு. நாலுமுக்கு மாமான்னு கூப்பிடுவோம். வெளியூர்க்காரங்களுக்காக ஒரு சின்ன கொசுவத்தி. மணிமுத்தாறுலேருந்து அணை, செக்போஸ்ட், அருவின்னு தாண்டி மலை ஏறினா மாஞ்சோலை. அதுக்கும் மேல காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி. எல்லாம் தேயிலைத் தோட்டம். சிங்கம்பட்டி ஜமீன்கிட்ட இருந்து 1929-ல 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த காடு, எட்டாயிரம் ஏக்கருக்கு மேல. 2028-ல முடியணும். சுத்தி புலிகள் காப்பகம். 2024 ஜூன்ல வேலை நின்னுச்சு. மூணு நாலு தலைமுறையா மேல இருந்த குடும்பங்க விருப்ப ஓய்வுல கையெழுத்துப் போட்டுட்டு ஒவ்வொண்ணா இறங்க ஆரம்பிச்சாங்க. வழக்கெல்லாம் நடந்தது. காடு காட்டுக்கே திரும்பணும்ங்கிறதுலயும் ஞாயம் இருக்கு, அங்கயே பொறந்து வளர்ந்தவங்க பக்கமும் ஞாயம் இருக்கு. அந்தத் தீர்ப்பை நான் சொல்ல முடியாது.

நாலுமுக்கு மாமா அங்க ஃபேக்டரியில வேலை பார்த்தவர். அவரோட தாத்தா காலத்துலயே மலை ஏறினவங்க. இப்போ கல்லிடைக்குறிச்சி போற வழியில ஒரு வாடகை வீடு. நாங்க போனப்போ ஃபேன் ஃபுல் ஸ்பீடுல ஓடிக்கிட்டிருந்துச்சு, அப்படியும் துண்டால விசிறிக்கிட்டிருந்தார். "வா மருமவனே. கீழ என்னய்யா இப்படி அவியுது? மழை பேஞ்சும் அவியுது"ன்னார். அவருக்கு மேல எப்பவும் மூடுபனி. நாங்க ஐப்பசியில குளுருதுன்னு சொல்ற நாள்தான் அவருக்குக் கோடை.

ரூம்ல சுவத்துல ஆணியில ஒரு ஸ்வெட்டர் தொங்குச்சு. பழைய மெரூன் கலர் ஸ்வெட்டர். முழங்கைல ஒட்டுப் போட்டது. பக்கத்துல மாட்டியிருந்த சட்டையெல்லாம் மடிச்சு வச்சாச்சு, இது மட்டும் அப்படியே. நான் சும்மா இருந்திருக்கலாம். "இங்கன எதுக்கு மாமா ஸ்வெட்டர்?"னு கேட்டுட்டேன்.

"கெடக்கட்டும்"னார்.

அவ்வளவுதான். யாரும் அழலை. அத்தை காப்பி கொண்டு வந்தாங்க. மேலேயிருந்து கொண்டு வந்த தேயிலை தீர்ந்து போச்சாம், அதனால காப்பி. எனக்குத்தான் தொண்டையில ஏதோ மாட்டின மாதிரி ஆயிடுச்சு. மெய்யழகன்ல அழுததைவிட அதிகம்.

பேச்சு சினிமா பக்கம் திரும்புச்சு. மாமா மெய்யழகன் பார்க்கலை. மேல இருந்தப்போ எப்பவாவது திரை கட்டிப் படம் போடுவாங்களாம், பாசமலர் போட்ட அன்னைக்குப் பொம்பளைங்க அழுத சத்தத்துல கடைசி வசனமே கேக்கலையாம். பரதேசி பார்த்தீங்களா மாமான்னு கேட்டேன்.

பரதேசி ஞாபகம் இருக்குல்ல? 2013-ல பாலா எடுத்தது. டாக்டர் டேனியல் 1969-ல எழுதின ரெட் டீ நாவலை, இரா. முருகவேள் எரியும் பனிக்காடுன்னு தமிழ்ல கொண்டு வந்தார். அதை வச்சு வந்த படம். பிழைக்க வழி இல்லாத சனங்களைக் கங்காணி ஏமாத்தி மலைக்குக் கூட்டிட்டுப் போறான். போனவங்க திரும்பி வர முடியாது. கடைசியில அதர்வா பாறை மேல உக்காந்திருக்கும்போது, கீழ புதுசா வந்து இறங்குற கூட்டத்துல அவன் பொண்டாட்டியும் பிள்ளையும் நிப்பாங்க. சேர்ந்துட்டோம்னு சந்தோஷப்பட வேண்டிய இடத்துல, இவளும் வந்து சிக்கிட்டாளேன்னு கதறுவான். நான் அழுத படங்கள்ல அது ஒண்ணு.

மாமா பார்த்திருக்கார். "எங்க தாத்தா சொன்ன கதை மாதிரிதான் இருந்துச்சு. அட்டை கடிச்சு, குளிர்ல விறைச்சு, அவரு அழுதுக்கிட்டேதான் மலை ஏறினாராம். திரும்பிப் போயிரணும்னே இருந்தாராம்"னு சொன்னார். சொல்லிட்டு ஆணியைப் பார்த்தார். "நாங்க அழுதுக்கிட்டே எறங்குனோம்."

தாத்தா ஏறும்போது அழுதார். பேரன் இறங்கும்போது அழுதார். அதே மலை. நடுவுல நடந்தது எந்தப் படத்துலயும் இல்லை. அழுதுக்கிட்டே போன ஒரு இடம், எப்போ, எந்த நாள்ல, அவங்க வீடா மாறிச்சு? பிள்ளை பொறந்த அன்னைக்கா? யாரையோ அங்க புதைச்ச அன்னைக்கா?

1999 ஜூலை 23 பத்தி மாமா பேச மாட்டார், நாங்களும் கேட்க மாட்டோம். மாஞ்சோலைத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில போன ஊர்வலத்துல போலீஸ் தடியடி நடந்து, 17 பேர் தாமிரபரணியில செத்துப் போன நாள். ஆர்.ஆர். சீனிவாசன் எடுத்த நதியின் மரணம்னு ஒரு ஆவணப்படம் உண்டு. நான் காலேஜ்ல பார்த்தேன். அதைப் பார்த்து எனக்கு அழுகை வரலை. மூச்சுதான் முட்டுச்சு. அழுறதுக்குக்கூட ஒரு கதை வேணும்போல. கதை இல்லாம அப்படியே வந்து முன்னாடி நின்னா நமக்கு அழத் தெரியலை.

திரும்பி வரும்போது அப்பாகிட்ட கேட்டேன், வாரா வாரம் இங்க வருவீங்களான்னு. "ஆமா, ஞாயித்துக்கிழமை. அவன் எறங்குன அன்னைக்கு வண்டியில சாமான் ஏத்தி எறக்க நான்தான் கூடப் போனேன்"னார். அந்த வீட்டைப் பூட்டுறதுக்கு முன்னாடி மாமா ஒவ்வொரு ரூமா போய் லைட்டைப் போட்டுப் போட்டு அணைச்சாராம். அதைத்தான் அப்பா அன்னைக்கு டிவில பார்த்திருக்கார். தஞ்சாவூர் வீட்டை இல்ல.

இப்போ என் கதைக்கு வர்றேன். அதுதான் அசிங்கம். அந்த 2024 ஜூன்ல நான் பெங்களூர்ல இருந்தேன். பெட்டியும் பீரோவும் ஏத்தின வண்டிங்க எங்க ஊர் வழியா இறங்குற வீடியோ வாட்ஸ்அப்ல வந்துச்சு. எங்க ஊர் செக்போஸ்ட், எனக்குத் தெரிஞ்ச வளைவு. பார்த்தேன். ஒரு அழுகை ஸ்மைலியைப் போட்டேன். அடுத்த மெசேஜுக்குப் போயிட்டேன். அதே நான், நாலு மாசம் கழிச்சு, அரவிந்த்சாமிக்காக உக்காந்து அழுறேன்.

இதைச் சொன்னா, "பார்த்தியா, சினிமாவுல அழுறதெல்லாம் பொய். நிஜத்துக்கு அழ மாட்டீங்க, நிழலுக்கு அழுவீங்க"ன்னு அந்த உலக சினிமா நண்பர் பிடிச்சுக்குவார். ரொம்ப நாளா நானும் அப்படித்தான் நினைச்சேன். இப்போ அப்படி நினைக்கலை. படம் பார்க்காம இருந்திருந்தா நான் அந்த வீடியோவுக்குத் திரும்பிப் போய் அழுதிருப்பேனா? மாட்டேன். படத்தால வந்த கண்ணீரோட வாலைப் பிடிச்சுக்கிட்டுப் போனதாலதான் அந்த ஸ்வெட்டர் வரைக்கும் போய்ச் சேர்ந்தேன். ஆச்சி துலாபாரத்தைப் பிடிச்சுக்கிட்டுத் தன்னோட அந்த ஒரு வருஷத்துக்குப் போன மாதிரி.

அதனால என் கட்சி இதுதான். அழ வைக்கிற படம் மட்டமானது இல்ல. அழுதுட்டு, கண்ணைத் துடைச்சுட்டு, "செம ஃபீலிங் மச்சி"ன்னு சொல்லிட்டு அதோட விட்டுடுறதுதான் மட்டம். நாம அழுதது திரையில இருக்கிறவங்களுக்காக மட்டும் இருக்காது. யாருக்காகன்னு கொஞ்சம் தேடிப் பார்த்தா ஒரு ஆள் இருப்பாங்க. நிறைய நேரம் போன் நம்பரே நம்மகிட்ட இருக்கும். உயிரோட இருந்தா, அடுத்த ஞாயித்துக்கிழமை போய்ப் பார்த்துட்டு வரலாம்.

யாராவது மாஞ்சோலையைப் படமா எடுத்தா ஒரே ஒரு வேண்டுகோள். வண்டி இறங்குற காட்சிக்கு வயலின் வேண்டாம். மழையும் வேண்டாம், அது தானா பெய்யும். முதல் ரெண்டு மணி நேரம் அந்த மெரூன் ஸ்வெட்டரைப் போட்டுக்கிட்டு ஒரு மனுஷன் காலையில டீ குடிக்கிறதைக் காட்டுங்க. முழங்கை கிழிஞ்சதுக்குப் பொண்டாட்டி திட்டிக்கிட்டே ஒட்டுப் போடுறதைக் காட்டுங்க. நாங்க சிரிச்சிக்கிறோம். கடைசியில கீழ ஒரு வாடகை வீட்டுல, ஃபேன் ஓட, ஒரு ஆணியை மட்டும் காட்டுங்க.

எங்க அப்பா வாசலுக்கு எந்திரிச்சுப் போயிடுவார். ஈசல் சீசனா இல்லைன்னா வேற ஏதாவது சொல்லிப்பார்.

பி.கு: உங்களை அழ வச்ச படம் எதுன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. கூடவே, அப்போ யாரை நினைச்சு அழுதீங்கன்னும் முடிஞ்சா சொல்லுங்க. பேரு வேண்டாம். மாமா, அத்தை, ஆச்சின்னு உறவு போதும்.